படிக்கல்

“மூணு தடவ சொன்னாரு ஜெசி, சேவியர் மாஸ்டர் மூணு தடவ...”

“மதினி, நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன்...”

“நீ என்னத்தச் சொல்லி முடிக்கப் போற? வயர்லெஸ்ஸுல எங் காதால கேட்டவ நான். ‘நீவாடு மாறிருக்கு பைலட், தண்ணி வேற பக்கம் இழுக்குது, வேகத்தக் கொறைங்க’ன்னு அந்த மனுசன் தொண்ட கிழியக் கத்துதாரு. எந் தம்பி...”

“கயிறு பழசு மதினி. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க, கயிறுதான்...”

“எந் தம்பி ‘தெரியும்’ங்கான்! மூணு தடவையும் ஒரே மாதிரி. ‘தெரியும்.’ ஏதோ கண்டக்டர் சில்லறை இல்லன்னு சொன்ன மாதிரி.”

“தெரிஞ்சதத் தெரியும்னு சொல்லாம வேற எப்படிச் சொல்லுவாவ?”

மெட்டில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த இடைவெளியில் ஜெசிந்தா அடுப்பில் கொதித்த சீலா மீன் குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது, எப்போதும் போல.

மணல்முனைத் துறைமுகக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கடல்தான். உள் அறையில் ஆல்பன் தூங்கிக்கொண்டிருந்தான். ஜெசிந்தாவின் கணவன், மெட்டில்டாவின் தம்பி, வெளிநாட்டுக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் பைலட். நேற்றுக் காலை அவன் உள்ளே கொண்டுவந்த நிலக்கரிக் கப்பல், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஒதுங்கிப் போயிற்று. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த சேவியர் மாஸ்டரின் இழுவைப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. கயிறு அறுந்தது. அறுந்த கயிறு படகில் நின்ற லிகோரி என்ற ஆளை அடித்துத் தண்ணீருக்குள் தள்ளியது. தூக்கி எடுத்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

மெட்டில்டா சிக்னல் கோபுரத்தில் வயர்லெஸ் பார்ப்பவள். நடந்தது அத்தனையும் குரல்களாகவே அவள் காதுக்குள் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடவில்லை.

“அந்தப் பய ஆஸ்பத்திரில கெடக்கான். அவம் பொண்டாட்டி வராந்தால கெடக்கா. இவன் உள்ள கொறட்ட விடுதான்.”

“லிகோரி பொழச்சுக்குவான் மதினி.”

“டாக்டரு சொன்னாரா?”

“டாக்டர் எதுக்கு? எனக்குத் தெரியும்.”

மெட்டில்டா அவளை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, அத விடு. இன்னைக்கு நாலு மணிக்கு எரிவாயுக் கப்பல் வருது. அது வந்து கட்டுற ஜெட்டிக்கும் நம்ம தெருவுக்கும் நடுவுல ஒரு சுவருதான் இருக்கு. தாமஸ் பைலட் லீவுல போயிட்டாரு. இவன்தான் கொண்டு வாரான். ஹார்பர் மாஸ்டர்ட்ட போயி நின்னேன். ‘ஆளு தகுதியா இருக்காருன்னு திடம் மையம் சொல்லிருக்கு, அவங்க வேண்டாம்னு சொல்லட்டும், நிறுத்துதேன்’ங்காரு. அந்த மையத்துல அளவு வைக்கிறது யாரு? நீதான? அவனுக்குக் கொறச்சு விடு.”

“அது குழாயா மதினி, திருவி விட?”

“பின்ன என்னன்னுதான் சொல்லேன். நேத்தியிலேர்ந்து கேக்கேன், ஒரு ஆளும் விளங்குறாப்புல சொல்ல மாட்டேங்கீங்க.”

ஜெசிந்தா அடுப்பைத் தணித்தாள். விளக்குவது அவளுக்குப் பிடிக்கும். மையத்துக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் விளக்குவாள்.

“நம்ம மூளைக்குள்ள ரெண்டு கணக்கு ஓடுது மதினி. இப்பம் ஆல்பன் கப்பல் மேல நிக்காவன்னு வெச்சுக்கோங்க. இந்தத் தண்ணி கப்பல இம்புட்டுத் தள்ளும்னு ஒரு கணக்கு. அது பழகப் பழக வாரது. ‘இந்தக் கணக்க எம்புட்டு நம்பலாம்’னு அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கணக்கு. அதத்தான் உறுதின்னு சொல்லுதோம். கணக்கு ஒண்ணு சொல்லி, கண்ணுல வேற ஒண்ணு பட்டா, திக்குனு இருக்கும்லா? உறுதி கொறவா இருந்தா அந்தத் திக்கு பெருசா இருக்கும், ஒடனே கணக்க மாத்திப் போடுவோம். உறுதி கூட இருந்தா, ‘இது ஏதோ ஒரு தடவ’ன்னு தள்ளி விட்டுருவோம்.”

“ம்.”

“முந்தி ஒரு தடவ கப்பலு மோதுச்சே, அந்த மொத விபத்துக்கப்புறம் இவியளுக்கு உறுதி அடிமட்டத்துக்குப் போயிட்டு. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். காத்தடிச்சாத் திக்கு, காக்கா கத்துனாத் திக்கு. கப்பல்ல ஏறி வாயத் தொறந்து ஒரு உத்தரவு குடுக்க முடியல. காதுக்குப் பின்னால தோலுக்கு அடியில அரிசி அளவுக்கு ஒரு கருவி வெச்சோம். அது அந்த ரெண்டாவது கணக்கத் தாங்கிப் பிடிச்சுக்கிடும். மனுசன் எந்திரிச்சு வேலைக்குப் போனாவளா இல்லையா?”

“போனான். நானே மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்துனேன்.” மெட்டில்டா முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். “ஒண்ணு கேக்கேன். கணக்குச் சரியா இருந்தாலும் தாங்கிப் பிடிக்கும், தப்பாப் போனாலும் தாங்கிப் பிடிக்கும். அப்படித்தான?”

“தப்பா இருந்தா அவங்களே உணர்ந்துக்குவாங்க.”

“எதவெச்சு?”

ஜெசிந்தா சிரித்தாள். “மதினி, இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ஆப்பரேஷன் பண்ற டாக்டருங்க போட்டிருக்காங்க. மலையில பஸ் ஓட்டுறவங்க போட்டிருக்காங்க. இப்பம் நீதிபதிங்க கேக்காங்க. ஒப்புதல் கூட்டத்துக்கு எம்புட்டுப் பெரிய ஆளுங்க வந்தாங்க தெரியுமா? போட்டுப் பாக்காம முடிவு சொல்லக் கூடாதுன்னு அத்தன பேரும் மாட்டிக்கிட்டுத்தான் ஒக்காந்தாங்க. ஒருத்தருக்குக் கூட ஒரு சந்தேகம் வரல.”

“ஒருத்தருக்குக் கூடவா?”

“ஒருத்தருக்குக் கூட.”

மெட்டில்டா எழுந்து வந்தாள். ஜெசிந்தாவின் முகத்தைத் திருப்பி, காதோரம் ஒதுங்கிய முடியை விரலால் தள்ளினாள். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு கிளிப்.

“இது என்னட்டி?”

“அது படிக்கல்லு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். எடை போடுறவன் கைல படிக்கல்லு இருக்கணும்லா? வந்தவங்களுக்கு அளவு வைக்கும்போது எதோட ஒப்பிட்டு வைக்கிறது? அளக்குறவங்க உறுதிய மொதல்ல ஒரே நிலையில நிறுத்திக்கிடணும். எங்க மையத்து டாக்டர் தயாபரன் தன்னோடத வெச்சு என்னோடத நிறுத்துனாரு. என்னோடத வெச்சு நான் மத்தவங்களுக்கு நிறுத்துதேன்.”

“எப்பருந்து போட்டிருக்க?”

“வேலைக்குச் சேந்ததுலேர்ந்து.”

“வீட்டுலயும்?”

“கழட்டி மாட்டுனா மறுபடி முதல்லேர்ந்து நிறுத்தணும். எதுக்கு வேலை மெனக்கெட்டு?”

மெட்டில்டாவின் குரல் தணிந்தது. தணிந்த குரலில் அவள் பேசி ஜெசிந்தா கேட்டதே இல்லை.

“ஜெசி, ஒங்க அம்மா செத்த அன்னைக்கு நான்தான் ஒனக்குப் போன் பண்ணுனேன். மொத நாளு கடைத்தெருவுல எங்கூட நின்னு கருவாடு பேரம் பேசுன பொம்பள. நல்லா இருந்த பொம்பள. எப்படிச் சொல்றதுன்னு நான் நடுங்கிக்கிட்டுச் சொன்னேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

“‘தெரியும் மதினி, எதிர்பாத்ததுதான்’ன்ன.”

“எதிர்பாத்ததுதான. வயசாச்சு.”

அவ்வளவுதான். மெட்டில்டாவின் கை பாய்ந்தது. கிளிப்போடு நாலு முடியும் வந்தது.

“ஆ! என்ன மதினி நீங்க, சின்னப் பிள்ள மாதிரி! குடுங்க இங்க.”

“தர மாட்டேன்.”

“வெச்சுக்கோங்க. ஒண்ணும் ஆவப் போறதில்ல. சும்மா அளவுக்குப் போடுறது அது.” ஜெசிந்தா காதைத் தேய்த்துக்கொண்டே சோற்றை வடிக்கப் போனாள். உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை.

உள்ளே ஆல்பன் எழுந்து குளிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை, தோள்பட்டையில் தங்கக் கோடுகள், தலை சீவி, பவுடர் மணக்க வந்து நின்றான்.

“யக்கா, எப்ப வந்த? ராத்திரி டூட்டி பாத்துட்டுத் தூங்காம இங்க என்ன?”

“ஒன் மூஞ்சியப் பாக்கத்தான் வந்தேன். ஏலே, லிகோரியப் போயிப் பாத்தியா?”

“பாக்கணும். சாயங்காலம் கப்பலக் கட்டிட்டுப் போறேன்.” அவன் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான். “சோத்தப் போடுட்டி. வண்டி வந்துரும்.”

“சேவியர் மாஸ்டரு என்னல சொன்னாரு?”

“சேவியர் பயந்தாங்கொள்ளி. தங் கல்யாணத்தன்னைக்கே கோயில்ல மயங்கி விழுந்த ஆளுக்கா அவரு.”

“புதுத் தடுப்புச் சுவர் கட்டுனதுலேர்ந்து தண்ணி மாறிப் போச்சுல. வலைக்காரங்க எல்லாரும் சொல்லுதாங்க. போன வாரமும் ஒனக்குக் கப்பலு ஒதுங்குச்சு. அதுக்கு முந்தியும் ஒதுங்குச்சு. நான்தான வயர்லெஸ்ஸுல இருந்தேன்?”

“ஒண்ணு ரெண்டு அப்படித்தான் போவும். தண்ணி மாறாதுக்கா. இந்தத் தண்ணிய எனக்குத் தெரியும்.”

கோபமில்லை. பெருமைகூட இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்கிறவனின் குரல். ஜெசிந்தா குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்று. இன்னொன்று.

“நீயும் சாப்பிடு. நல்லாருக்கு.”

அவளும் தனக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தாள்.

உடம்பு தூக்கிப் போட்டது. நாக்கு சுருண்டது. உப்பு! கடல் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றியதுபோல் கரித்தது. அவள் அடுக்களைத் தொட்டிக்கு ஓடிப்போய்த் துப்பினாள். மறுபடி துப்பினாள். மெட்டில்டா வருவதற்கு முன்னால் ஒரு கை போட்டது இப்போது நினைவுக்கு வந்தது. பேச்சுவாக்கில் இன்னொரு கை. நக்கிப் பார்த்தாளே! இந்த நாக்கால்தானே நக்கிப் பார்த்தாள். சரியாக இருந்ததே!

திரும்பிப் பார்த்தாள். ஆல்பன் அதே குழம்பை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உப்பு...” என்றாள் ஜெசிந்தா. “உப்புக் கரிக்கலயா ஒங்களுக்கு?”

“எப்பவும் போலத்தான் இருக்கு.”

மெட்டில்டா அவன் தட்டில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள். முகம் கோணியது. ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

மின்விசிறி நின்ற பிறகுதான் அதுவரை அது இரைந்துகொண்டிருந்தது காதுக்குத் தெரியும். அப்படி ஏதோ ஒன்று ஜெசிந்தாவின் மண்டைக்குள் நின்றுபோயிருந்தது. நின்ற இடத்தில் வரிசையாக ஒவ்வொன்றும் வந்து மோத ஆரம்பித்தன. அம்மா. அம்மா செத்துப் போய்விட்டாள். கருவாடு பேரம் பேசிய அம்மா. அடக்கத்தன்று யாரோ ஒரு பாட்டி ‘இவ அழவே இல்லையே’ என்று சொன்னது காதில் விழுந்து, அதையும் ‘தெரியும்’ என்று தள்ளிவிட்டாளே. லிகோரி. அவன் கல்யாணத்தில் இவள் பந்தி பரிமாறியிருக்கிறாள். நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இந்த ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்த் துணி மடித்தாள். துணி மடித்தாள்!

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க.” குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ஏங்க, இன்னைக்குப் போவாதிங்க. மையத்துக்கு வாங்க எங்கூட. சம்மதம்னு கைரேகை மட்டும் வெச்சாப் போதும், கொஞ்சம் கொறச்சுருவோம். கொஞ்சமே கொஞ்சம்.”

“எதுக்கு?”

“தப்பா இருக்கு. எல்லாம் தப்பா இருக்கு.”

“எது தப்பா இருக்கு? நல்லாத்தான இருக்கேன்.” அவன் கை கழுவிக்கொண்டு அவள் தலையை ஆதரவாகத் தடவினான். “நீதான் ஒரு மாதிரி இருக்க. படு. பதறாத. எனக்குத் தெரியும்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். என்ன சொன்னாலும் அந்த முகத்துக்குள் போகாது. என்னத்தைக் காட்டினாலும் போகாது. அரை மணி முன்னால் இவள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இவளுக்குக் கழட்டிப் பிடுங்குகிற மாதிரி வெளியே மாட்டியிருந்தது. அவனுக்குத் தோலுக்கு அடியில். அவன் சம்மதிக்காமல் தொட முடியாது. சம்மதிக்க வேண்டுமானால் அவனுக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது வர வேண்டும். அது வராமல் பார்த்துக்கொள்ள வைத்ததுதான் அது. வைத்தது அவள்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. ஆல்பன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

“கால ஒடிச்சுப் போடவா ஒனக்கு?” என்று மெட்டில்டா கதவை மறித்தாள்.

“யக்கா, தள்ளு. கப்பல்காரன் காத்துக்கிட்டு இருப்பான்.” சிரித்துக்கொண்டே அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து, சின்ன வயதில் விளையாடியதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

“போனப் போடுட்டி ஒங்க டாக்டருக்கு!” மெட்டில்டா கத்தினாள். “அவரு ஒரு வார்த்தை சொன்னா ஹார்பர் மாஸ்டர் நிறுத்துவாரு. போடு!”

இரண்டு தடவை தவறான எண்ணைத் தொட்டாள் ஜெசிந்தா. மூன்றாவது தடவை கிடைத்தது. ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“சொல்லுங்கம்மா.” டாக்டர் தயாபரனின் குரல். எப்போது கேட்டாலும் மனதுக்கு இதமாக இருக்கும் குரல்.

“டாக்டர், ஆல்பனோட தகுதியை இப்பவே நிறுத்தி வைக்கணும். ஹார்பர் மாஸ்டருக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாலு மணிக்கு எரிவாயுக் கப்பல் வருது.”

“ஏன்? ஆல்பனுக்கு என்ன?”

“அவரு எதையும் கத்துக்கிடல டாக்டர். தண்ணி மாறிருச்சு. போன மூணு கப்பலும் நினைச்ச எடத்துக்கு வரல. அந்தத் திக்கு அவருக்குள்ள போகவே இல்ல. சரியா இருந்த காலத்துல தாங்கிப் பிடிச்சது, தப்பானதுக்கு அப்புறமும் விடல. நேத்து ஒரு ஆளு சாகக் கெடக்கான்.”

“அந்தப் பையன் பிழைச்சுக்குவான்.”

“டாக்டர்...”

“கணக்கு தப்பா இருந்தா ஆல்பனே உணர்ந்துக்குவாரும்மா.”

அது ஜெசிந்தாவுடைய வாக்கியம். அதே இடத்தில் அதே நிறுத்தம். மெட்டில்டாவுக்கு அதைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“உங்க குரல் ரொம்பப் பதட்டமா இருக்கு,” என்றார் டாக்டர். “படிக்கல் போட்டிருக்கீங்களா?”

“இல்ல. கழண்டுருச்சு.”

“அதான் பார்த்தேன். எடுத்து மாட்டிக்கங்க. அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிரும்.”

கிளிப் மேசைமேல்தான் இருந்தது. மெட்டில்டா எப்போது கையிலிருந்து அதை வைத்தாளோ. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அம்மா, லிகோரி, ஆல்பன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சை அடைத்தது. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷத்தில் எல்லாம் எதிர்பார்த்ததாகிவிடும். குழம்பும் நன்றாக இருக்கும். அவள் விரல்கள் மேசையில் ஊர்ந்தன.

மெட்டில்டா கிளிப்பைப் பொறுக்கி எடுத்து, குழம்புச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.

“பேசு,” என்றாள் உதடு மட்டும் அசைய.

“டாக்டர், கெஞ்சிக் கேக்குறேன். ஊரு இருக்கு அந்த ஜெட்டிக்குப் பக்கத்துல. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். ஒரு நாள் கப்பல் வெளிய நின்னா என்ன நஷ்டம்? ஒரே ஒரு நாள். தாமஸ் பைலட் வந்துருவாரு.”

“தேவையில்லம்மா. ஆல்பன் கொண்டு வந்துருவார்.”

“எப்படி டாக்டர் அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?”

“தெரியும்மா.”

மெட்டில்டாவின் போன் அடித்தது. அவள் அதைக் காதில் வைத்தபடி ஜன்னலோரம் போனாள். “ம்” என்றாள். “எப்ப?” என்றாள். பிறகு அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“லிகோரி போயிட்டாம்ட்டி,” என்றாள். “இப்பந்தான். இந்த நிமிசந்தான். அவம் பொண்டாட்டிக்கு இன்னும் சொல்லல.”

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே, கடல் பக்கம், பைலட்டை ஏற்றிக்கொள்ள வந்து நிற்கும் பெரிய கப்பலொன்று நீளமாக ஊதியது.

“டாக்டர்,” என்றாள். “லிகோரி செத்துட்டான்.”

“தெரியும்மா,” என்றது அந்த இதமான குரல். “எதிர்பார்த்ததுதான்.”

அவள் போனைக் கையில் எடுத்தாள். வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“டாக்டர், உங்க படிக்கல்லக் கடைசியா எப்பக் கழட்டினீங்க?”